வீட்டு மர பாலிஷை கிட்டாருக்கும் போடலாமா?

மேசை நாற்காலிக்கு வாங்கிய ஸ்பிரே பாலிஷையே கிட்டாருக்கும் அடிக்கலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். அந்த வகை பாலிஷ்கள் பலவற்றில் சிலிகோன் இருக்கும். பளபளப்பு வரும்தான். ஆனால் அந்த சிலிகோன் விரிசல் வழியே மரத்துக்குள் இறங்கிவிட்டால், பின்னாளில் அங்கே புதுப் பூச்சு அடிக்கும்போது சரியாக ஒட்டாமல் குழி குழியாக விலகும்.

முதலில் உங்கள் கிட்டாரில் என்ன பூச்சு என்று தெரிந்துகொள்ளுங்கள். இப்போது வரும் கிட்டார்களில் பெரும்பாலும் பாலியூரித்தேன் அல்லது பாலியெஸ்டர்தான். இரண்டும் கெட்டியானவை, சிலிகோன் இல்லாத கிட்டார் பாலிஷ் எதுவானாலும் சரி. அமெரிக்காவில் தயாராகும் கிப்சன் கிட்டார்களிலும் 1950களின் பழைய கிட்டார்கள் பலவற்றிலும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் என்ற வேறு வகைப் பூச்சு இருக்கும். அது ஆல்கஹால் பட்டால் இளகிவிடும், அதனால் சானிடைசர் ஈரம் காயாத கையால் தொடாதீர்கள். ஸ்டாண்டின் ரப்பர்கூட அதில் தடம் பதிக்கும்.

பளபளப்பில்லாத மேட் பூச்சு என்றால் பாலிஷே கூடாது. தேய்த்த இடம் மட்டும் மினுங்கி அசிங்கமாகத் தெரியும்.

நான் பாலிஷை எடுப்பதே அபூர்வம். வாசித்து முடித்ததும் வாயால் ஆவி ஊதி மைக்ரோஃபைபர் துணியால் துடைப்பேன், அவ்வளவுதான்.