முதலில் பேசியவரின் தீர்வு

கேள்வி: எங்கள் வெங்காயத் தோட்டக் கிணறுகள் வைகாசிக்குப் பிறகு உப்புக் கரிக்கின்றன. வாசிகசாலையில் மூன்று கூட்டம் போட்டோம். ஒவ்வொரு முறையும் 'இன்னும் ஆழமாக்குவோம்' என்று ஒருவர் தொடங்க, சண்டையில் முடிகிறது. விவரம் தெரிந்த ஒருவர் தனியாக யோசித்துச் சொன்னால் போதாதா?
– நிலாவெளி வாசகர், திருகோணமலை

பதில்: போதாது. ஆனால் அந்தக் கூட்டங்களும் சரியில்லை.

முதலில் ஆழமாக்கும் யோசனையைக் கைவிடுங்கள். கடலோர மணலில் நல்ல தண்ணீர், தன்னைவிடக் கொஞ்சம் கனமான உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல நீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நல்ல நீர் இருக்கும் என்பது கணக்கு. அப்படியென்றால் மோட்டார் போட்டு இறைத்து மேல்மட்டத்தை ஒரு அடி இறக்கினால் கீழேயுள்ள உப்பு 40 அடி வரை ஏறப் பார்க்கும். ஆழமாக்கினால் நீங்களே அந்த உப்பைத் தேடிப் போகிறீர்கள். எவ்வளவு இறைக்கிறோம் என்று மூன்று கூட்டத்திலும் யாராவது கேட்டார்களா?

கேட்டிருக்க மாட்டார்கள். முதலில் ஒருவர் ஒன்றைச் சொன்னதும் மற்ற எல்லாரும் அதற்கு ஆம், இல்லை என்று சொல்வதிலேயே நேரம் போய்விடுகிறது. 1958இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள்: நான்கு பேர் கூடியிருந்து சொன்ன யோசனைகளைவிட, நான்கு பேர் தனித்தனியாக யோசித்ததைச் சேர்த்தபோது அதிகம் கிடைத்தது. தன் முறைக்குக் காத்திருக்கும்போதே யோசனை மறந்துபோவதும் ஒரு காரணம் என்று பின்னால் கண்டார்கள்.

அதனால் அடுத்த கூட்டத்துக்கு முன், தன் கிணறு எந்த மாதம், எத்தனை மணித்தியாலம் இறைத்த பிறகு கரிக்கிறது என்று ஒவ்வொருவரும் வீட்டிலிருந்தே ஒரு தாளில் எழுதி வரட்டும். யாரும் வாய் திறக்குமுன் எல்லாத் தாளையும் வாசியுங்கள். அப்புறம், குடிக்கத் தண்ணீர் அள்ளும் பெண்களைக் கூப்பிட்டீர்களா? உப்பு முதலில் அவர்கள் நாக்கில்தான் படும், அவர்கள் இல்லாமல் பேசியது பெரிய பிழை.

சரி, ஒருவர் ஏன் போதாது? நிலத்துக்குக் கீழே வேலி இல்லை. நீங்கள் சரியாகக் கண்டுபிடித்து இறைப்பைக் குறைத்தாலும் பக்கத்துத் தோட்டத்தில் இரவு பகலாக மோட்டார் ஓடினால் உங்கள் கிணறும் சேர்ந்துதான் கரிக்கும். முறை வைத்து இறைக்க எல்லாரும் சம்மதிக்க வேண்டும், தன் தாளும் அங்கே வாசிக்கப்பட்டவர்தான் மனதாரச் சம்மதிப்பார்.

மாரி மழைக்கு முன் அந்தத் தாள்களைச் சேர்த்துவிடுங்கள். என்ன எழுதியிருந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.