விரைவு செஸ்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

ஐந்து நிமிட ஆட்டத்தில் ஒரு ராணி கூடுதலாக இருந்தும் நேரம் முடிந்து தோற்றுவிடுகிறேன். கை வேகம் போதவில்லையா?
– வாசகர், தலவாக்கலை

கை வேகத்தில் குறையில்லை. லிச்செஸ் என்ற இணைய செஸ் தளத்தில் ஆட்டம் முடிந்ததும் ஆய்வுப் பக்கத்தைத் திறந்தால், ஒவ்வொரு நகர்வுக்கும் எவ்வளவு நேரம் எடுத்தீர்கள் என்று ஒரு வரைபடம் இருக்கும். உயரமான கோடுகள் பெரும்பாலும் எட்டாவது நகர்வுக்கும் பதினைந்தாவதுக்கும் இடையில்தான் நிற்கும். அங்கே போய்ப் பாருங்கள். இரண்டு நகர்வுமே நல்லவை, எதை ஆடினாலும் ஒன்றும் கெட்டுப்போகாது என்ற இடத்தில் அரை நிமிடம் யோசித்திருப்பீர்கள். கடைசியில் இல்லாமல் போவது அந்த அரை நிமிடம்தான்.

ஐந்து நிமிட ஆட்டத்துக்கு இப்படி ஒரு கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். பத்தாவது நகர்வு முடியும்போது 4:15, இருபதாவதில் 2:45, முப்பதாவதில் 1:30 மிச்சம் இருக்க வேண்டும். காய்கள் வெட்டுப்படும்போதும் ராஜாவுக்கு ஆபத்து வரும்போதும் இருபது விநாடி யோசிக்கலாம். மற்ற இடங்களில் ஐந்து விநாடிக்குள் ஒன்றைத் தெரிந்தெடுத்து ஆடிவிடுங்கள்.

அடுத்தது, ராணியும் ராஜாவும் மட்டும் இருந்தால் எப்படி மேட் செய்வது என்பது யோசிக்காமல் வர வேண்டும். எதிரி ராஜாவிலிருந்து குதிரை தாவும் தூரத்தில் ராணியை வையுங்கள். ராஜா எந்தப் பக்கம் ஒரு கட்டம் போகிறதோ, ராணியும் அதே பக்கம் ஒரு கட்டம். செக் கொடுக்கத் தேவையே இல்லை, ராஜா தானாக ஓரத்துக்குத் தள்ளப்படும். ஓரத்துக்கு வந்ததும் ராணியை அதற்கு அடுத்த வரிசையில் நிறுத்திவிட்டு, உங்கள் ராஜாவை நடத்திக் கொண்டுவாருங்கள். தவறு நடப்பது மூலையில்தான். தனித்து நிற்கும் கறுப்பு ராஜா ஏ8இல் (வெள்ளையின் பக்கமிருந்து பார்த்தால் நெடுவரிசைகள் இடமிருந்து ஏ முதல் எச், வரிசைகள் கீழிருந்து 1 முதல் 8), உங்கள் ராணி பி6இல் இருந்தால் செக்கும் இல்லை, கறுப்புக்குப் போக இடமும் இல்லை. ஸ்டேல்மேட், ஆட்டம் சமநிலை. ராணி டி7இல் இருந்தால் அந்த ராஜாவுக்கு பி8 மிஞ்சும். அது ஏ8க்கும் பி8க்கும் மாறி மாறிப் போய்க்கொண்டிருக்க, உங்கள் ராஜா பி6க்கு வந்து சேரும். பிறகு ராணி பி7இல் மேட். லிச்செஸ்ஸின் பயிற்சிப் பகுதியில் இது இலவசமாக இருக்கிறது. ஒரு நிமிடத்துக்குள் முடிக்க வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள்.

ஐந்து நிமிடம் மட்டும் உள்ள ஆட்டத்தை விட்டு 5+3க்கு (ஐந்து நிமிடமும், நகர்வுக்கு மூன்று விநாடியும்) மாறுங்கள். ஒவ்வொரு நகர்வுக்கும் மூன்று விநாடி சேர்ந்துகொண்டே இருப்பதால், வென்ற ஆட்டத்தை வென்றே முடிக்கப் பழகலாம். உலக பிளிட்ஸ் (விரைவு செஸ்) போட்டியே 3+2இல்தான் நடக்கிறது.

யூடியூப்பில் நிறைய ஓப்பனிங் (ஆட்டத்தைத் தொடங்கும் முறை) பார்த்தும் பத்து நகர்வுக்குள் காய் போய்விடுகிறது. எதைப் படிக்கலாம்?
– வாசகர், ஹட்டன்

வெள்ளைக்கு ஒன்று, கறுப்பில், வெள்ளை முதலில் சிப்பாயை ஈ4க்கு ஆடினால் ஒன்று, டி4க்கு ஆடினால் ஒன்று. ஆறு மாதத்துக்கு இந்த மூன்றையும் மாற்ற வேண்டாம். வெள்ளைக்கு லண்டன் முறை போதும்: சிப்பாய் டி4, மந்திரி எஃப்4, சிப்பாய் ஈ3, குதிரை எஃப்3. ஈ4க்கு எதிராக காரோ–கான்: சிப்பாய் சி6, அடுத்தது டி5. டி4க்கு டி5 ஆடி, குதிரையை எஃப்6க்கும் சிப்பாயை ஈ6க்கும் கொண்டுவாருங்கள்.

லண்டன் ஆடுகிறவர்கள் காயைப் பறிகொடுக்கும் இடம் ஒன்று உண்டு. டி4 ஆடிய கையோடு, மந்திரி எஃப்4 என்று பிரீமூவ் (எதிரி ஆடுமுன்பே அடுத்த நகர்வைப் பதிந்து வைப்பது) போட்டுவிடுவார்கள். எதிரி ஈ5 ஆடினால் அந்த மந்திரி நேராக சிப்பாயின் வாயில் போய் விழும். பிரீமூவ் இல்லாவிட்டால் அதே ஈ5 சிப்பாயை உங்கள் டி4 சிப்பாய் இலவசமாக வெட்டியிருக்கும். எதிரி என்ன ஆடினாலும் பழுதில்லை என்ற நகர்வுக்கு மட்டும் பிரீமூவ் போடுங்கள். எதிரி வெட்டினால் திருப்பி வெட்டுவது அப்படிப்பட்டது: அவர் வெட்டாவிட்டால் பிரீமூவ் தானே ரத்தாகிவிடும்.

நான்கு நகர்வு மேட்டையும் இத்துடன் ஒழித்துக்கட்டுவோம். ஈ4, ஈ5, வெள்ளை மந்திரி சி4, கறுப்புக் குதிரை சி6, வெள்ளை ராணி எச்5. இப்போது ராணியை விரட்டும் ஆசையில் குதிரையை எஃப்6க்குக் கொண்டுபோனால், ராணி எஃப்7இல் மேட். முதலில் சிப்பாய் ஜி6. ராணி எஃப்3க்குப் பின்வாங்கி மறுபடி எஃப்7ஐக் குறிவைக்கும். அப்போது குதிரை எஃப்6. கறுப்புக்கு ஒரு குறையும் இல்லை.

எங்கள் தோட்டத்தில் சிக்னல் வந்து வந்து போகிறது. ஆட்டம் பாதியில் அறுந்து தோல்வியாகிறது.
– வாசகி, பொகவந்தலாவை

செஸ்ஸுக்கு டேட்டா மிகக் கொஞ்சமே தேவை. வேகமும் வேண்டியதில்லை, சிக்னல் அறாமல் இருந்தால் போதும். போன் 4ஜிக்கும் 3ஜிக்கும் மாறும் கணத்தில்தான் பெரும்பாலும் அறுகிறது. உங்கள் பக்கம் எது நிலையாக நிற்கிறதோ, நெட்வொர்க் அமைப்பில் அதை மட்டும் தெரிவுசெய்யுங்கள். ஆப் அப்டேட், போட்டோ பேக்கப் இரண்டையும் நிறுத்தி வையுங்கள். சின்னத் தாமதத்தை லிச்செஸ் ஓரளவு ஈடுகட்டும், ஆனால் முழுதாக அறுந்தால் கடிகாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதனால் 10+5க்குக் குறைவாக ஆட வேண்டாம். மழை பிடித்து சிக்னல் மோசமான நாளில் புதிருக்குப் போங்கள். லிச்செஸ் ஆப் சில புதிர்களை முன்கூட்டியே இறக்கி வைத்திருக்கும்.

இரவு டேட்டா இருப்பதால் 12 மணிக்குப் பிறகு விளையாடுகிறேன். 1500 ரேட்டிங்கில் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) தொடங்கியவன் 1300க்கு வந்துவிட்டேன்.
– வாசகர், அப்புத்தளை

லிச்செஸ் எல்லோருக்கும் 1500 கொடுத்தே தொடங்குகிறது. எண்ணுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி இருக்கும்வரை அது உங்கள் அளவைத் தேடிக்கொண்டிருக்கிறது, வீழ்ச்சி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் நள்ளிரவு ஆட்டத்தை விடுங்கள். மேலே சொன்னபடி டேட்டா செலவு அற்பம். தூக்கத்தைக் கொடுத்து அதை மிச்சம் பிடிக்க வேண்டியதில்லை.

அடுத்தடுத்து இரண்டு தோல்வி என்றால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. கோபத்தில் ஆடும் மூன்றாவது ஆட்டத்தில், எதிரியின் நகர்வைப் பார்க்காமலே கை போகும். உங்களுக்கு ஒரு மணி நேரம் கிடைத்தால் பதினைந்து நிமிடம் புதிர், இரண்டு ஆட்டம், மீதி நேரம் அந்த இரண்டையும் திரும்பப் பார்ப்பதற்கு. புதிரின் கடினத்தை ஒரு படி குறைத்து வையுங்கள். விரைவு ஆட்டத்தில் உதவுவது, சுலபமான ஃபோர்க் (ஒரே காய் இரண்டைத் தாக்குவது), பின் (pin: பின்னால் பெரிய காய் இருப்பதால் முன்காய் நகர முடியாமல் நிற்பது), பின்வரிசை மேட் (கடைசி வரிசையில் சொந்தச் சிப்பாய்களுக்குப் பின்னால் அடைபட்ட ராஜாவுக்கு மேட்) ஆகியவை பார்த்ததும் தெரிவதே.

திரும்பப் பார்க்கும்போது கணினியை உடனே போடாதீர்கள். ஆட்டம் எந்த நகர்வில் கை மாறியது என்று முதலில் நீங்களே குறியுங்கள், பிறகு கணினியைக் கேளுங்கள். கொப்பியில் ஒரே வரி: ‘18ஆவது நகர்வு, குதிரைக்குக் காவல் இல்லை.’ இருபது ஆட்டம் சேர்ந்ததும் எண்ணிப் பாருங்கள். உங்கள் அளவில் காவல் இல்லாத காயும், எதிரியின் மிரட்டலைக் கவனிக்காததும்தான் முக்கால்வாசி இருக்கும். ஆகவே நகர்த்துமுன் ஒரே கேள்வி: அவர் இப்போது ஆடியது எதற்கு? இதற்கு இரண்டு விநாடி போதும்.

போனில் ஆடிப் பழகிவிட்டேன். பாடசாலைப் போட்டியில் பலகையில் தடுமாறுகிறேன்.
– ஓ.எல். மாணவி, பண்டாரவளை

தொட்ட காயை ஆட வேண்டும், காய் நகர்த்திய கையாலேயே கடிகாரத்தை அழுத்த வேண்டும். போன் தவறான நகர்வைத் தானே தடுக்கும், பலகை தடுக்காது. பிளிட்ஸில் விதிக்கு மாறாக ஒருமுறை ஆடினால் எதிராளிக்கு ஒரு நிமிடம் கூடும், இரண்டாவது முறை தோல்வி. செக் வைத்தால் எதிராளி வாயால் சொல்ல வேண்டும் என்ற விதியும் கிடையாது. போட்டிக்கு முந்தைய இரண்டு வாரம், போனில் வரும் புதிரைப் பலகையில் அடுக்கி, பலகையைப் பார்த்தே விடை காணுங்கள்.