புதிய பேட்டரி போட்டும் வண்டி கிளம்பவில்லையா? ஆல்டர்னேட்டரைப் பாருங்கள்

வணக்கம் அண்ணாச்சி. இரண்டு மாதத்திற்கு முன் பேட்டரி மாற்றியும், அம்பாசமுத்திரத்திலிருந்து இரவில் திருநெல்வேலி திரும்பும்போது முகப்பு விளக்கு மங்கி, மறுநாள் வண்டி கிளம்பவில்லை என்று எழுதியிருந்தீர்கள். இன்னொரு பேட்டரி வாங்கிவிடாதீர்கள். பழுது பெரும்பாலும், எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கிப் பேட்டரிக்கு ஏற்றும் ஆல்டர்னேட்டர் பக்கம்தான்.

பேட்டரியைச் சார்ஜரில் முழுதாக ஏற்றி, சில மணி நேரம் கழித்து மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரை அதன் முனைகளில் வைத்தால், எஞ்சின் அணைந்திருக்கையில் ஏறத்தாழ 12.6 வோல்ட்டும், ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரையிலும் காட்ட வேண்டும். விளக்கும் ஏசியும் போட்டு, எஞ்சின் வேகத்தைச் சற்றே கூட்டியும் 13-க்குக் கீழேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை என்று பொருள். ஆனாலும் உடனே ஆல்டர்னேட்டரைக் கழற்றாமல், அதைச் சுழற்றும் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறதா, எர்த் இணைப்பு (பேட்டரியின் நெகட்டிவ் முனையை வண்டி உடலோடு இணைக்கும் வயர்) பச்சை பிடித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றிச் சோதிக்கும் பழைய வழக்கத்தை, எவ்வளவு அனுபவசாலி சொன்னாலும் அனுமதிக்காதீர்கள். மின்னழுத்தம் திடீரென எகிறி, வண்டியின் மின்னணுப் பாகங்கள் கருகக்கூடும்.

ஆல்டர்னேட்டரின் சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ்ஷோ, மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரோ மட்டும் போயிருந்தால், நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் அதை மட்டும் மாற்றித் தருவார். ஆல்டர்னேட்டரையே முழுதாக மாற்றுவதானால் பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றி, புதியதின் ஆம்பியர் அளவும் பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியும் பழையதோடு பொருந்துகின்றனவா என்று பார்த்தே பொருத்தச் சொல்லுங்கள்.