டைனோவில் உடைந்த எஞ்சின்: மீதிப் பணம் கொடுத்தால்தான் வண்டியா?

சேலத்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: "என் 1.8 லிட்டர் டர்போ எஞ்சினை ஃபோர்ஜ்டு பிஸ்டன், பெரிய டர்போ போட்டு 300 குதிரைசக்திக்குக் கட்டித் தருவதாகக் கோவையில் ஒரு டியூனிங் கடையில் ஏழரை லட்சம் பேசினார்கள். 6 லட்சம் கொடுத்துவிட்டேன். சக்தியை அளக்கும் ரோலர் டைனோவில் 252தான் வந்தது, மூன்றாவது ரன்னில் எஞ்சினே உடைந்துவிட்டது. ரேஸ் எஞ்சினுக்கு வாரண்டி இல்லை, மீதியைக் கட்டினால்தான் வண்டி என்கிறார்கள். நான் ட்ராக்கில் ஆசைக்கு ஓட்டுபவன்."

முதலில், எஞ்சினைப் பிரிக்க விடாதீர்கள். நானோ என் தரப்பு ஆளோ இல்லாமல் திறக்கக் கூடாது, ஆயிலை வடிக்கக் கூடாது, ஈசியூ லாக் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியின் பதிவு), டைனோ கோப்பு எதையும் அழிக்கக் கூடாது என்று இன்றே வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் எழுதி அனுப்புங்கள். ஒருமுறை பிரித்துக் கழுவிவிட்டால் எது முதலில் போனது என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்து 300 விஷயம். உங்கள் கோபம் புரிகிறது, ஆனால் வழக்கு அதில் இல்லை. ரோலர் டைனோ அளப்பது வீலுக்கு வந்து சேரும் சக்தியை. கியர்பாக்ஸ், ஆக்சில் இழப்புக்குப் பொதுவாக 15 சதவீதம் கழிப்பார்கள், அப்படிப் பார்த்தால் க்ராங்க்கில், அதாவது எஞ்சினிலேயே, 300 என்பது வீலில் 255. உங்களுக்கு வந்தது 252. போதாக்குறைக்கு, காற்றின் வெப்பம், அழுத்தத்துக்காக டைனோ எண்ணைச் சரிசெய்யும் முறைகளும் பல: ஒரே ரன்னை எஸ்ஏஇ திருத்தத்தில் போட்டால் ஒரு எண், பழைய எஸ்டிடி திருத்தத்தில் போட்டால் சுமார் 4 சதவீதம் கூடுதலாக ஒரு எண் வரும். "வீலில் 300" என்று எழுத்தில் இருந்தால் ஒழிய இதை முன்னால் வைக்காதீர்கள்.

உங்கள் பலம் எஞ்சின் உடைந்ததில்தான் இருக்கிறது. எஞ்சினைக் கட்டியவர் கடைக்காரர், டியூன் செய்தவர் அவர், ஆக்சிலேட்டரை மிதித்ததும் அவருடைய ஆள், வண்டி இருந்ததும் அவர் கடையில். ஒப்படைக்கப்பட்ட பொருளைத் தன் பொருள் போலக் கவனமாகப் பார்த்துக்கொள்ளும் கடமை ஒப்பந்தச் சட்டம் பிரிவு 151-இல் இருக்கிறது, கவனம் எடுத்தேன் என்று காட்ட வேண்டியதும் அவர்தான். லாக்கில் ஆயில் பிரஷர் முதலில் விழுந்திருந்தால் அசெம்பிளியைச் சந்தேகிக்கலாம், லோடில் மிக்ஸ்சர் லீன் ஆகி (பெட்ரோல் குறைந்து) நாக் (சிலிண்டருக்குள் தப்பான வெடிப்பு) வந்திருந்தால் ஈசியூவில் ஏற்றிய டியூனிங் மேப்பையோ ஃபியூயல் பம்பையோ. எதுவானாலும் அவர் செய்த வேலை. "வாரண்டி இல்லை" என்று பில்லில் அச்சடித்த வரி, கவனக்குறைவுக்குக் கேடயம் ஆகாது.

வண்டியைப் பிடித்து வைக்கும் உரிமை பிரிவு 170-இல் இருக்கிறது, ஆனால் அது பேசிய நோக்கத்தின்படி வேலையைச் செய்து முடித்தவருக்கு. உடைந்த எஞ்சினை வைத்துக்கொண்டு அதைக் கேட்பது கஷ்டம். நுகர்வோர் புகாரோடு, வண்டியைத் தரச் சொல்லி இடைக்கால உத்தரவும் கேளுங்கள்.

புகாரை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி சேலம் மாவட்ட ஆணையத்திலேயே போடலாம், கோவைக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை 6 லட்சம் என்பதால் கட்டணம் 200 ரூபாய், கெடு இரண்டு வருடம். பிரிவு 38-இன்படி எஞ்சினை ஆய்வகச் சோதனைக்கு அனுப்பக் கேளுங்கள், அந்தச் செலவை முதலில் உங்களைக் கட்டச் சொல்வார்கள். ஸ்பான்சர் பணம் வாங்கி ரேஸ் ஓட்டியிருந்தால் மட்டும் என்னிடம் மறைக்காதீர்கள், வணிக நோக்கம், நீங்கள் நுகர்வோரே அல்ல என்று எதிர்த்தரப்பு அதைத்தான் பிடிக்கும்.

இன்னொன்று. சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கி (போரிங்) சிசி கூட்டியிருந்தால் ஆர்.சி.யோடு ஒத்துப்போகாது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ஐ மீறி மாற்றினால், 182ஏ-இன்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட உண்டு. அதனால், சாலையில் ஓட்டவில்லை என்று காட்ட, ட்ராக்குக்கு ட்ரக்கில் ஏற்றிப் போனதற்கான பில் இருந்தால் எடுத்து வையுங்கள்.

ஸ்பீடு போஸ்ட்டில் 15 நாள் கெடு வைத்து நோட்டீஸ் அனுப்புங்கள். வழக்கு முடியும்வரை போனை மாற்ற வேண்டாம். வாட்ஸ்அப் பேச்சைச் சாட்சியமாக வைக்க பாரதிய சாட்சிய அதினியம் 2023 (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63 சான்றிதழ் வேண்டும், அதற்கு அந்த போன் உங்கள் கையில் இருப்பது நல்லது.