கீழ்நோக்கு நாளும் லீட்ஸ் கேரட்டும்

ஐயாவுக்கு வணக்கம்.

மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து எழுதுகிறேன். மகள் இங்கிலாந்தில், லீட்ஸில் இருக்கிறாள். நிலாக் காலண்டர் பார்த்து விதைத்து, குளிர்காலத்திலும் கேரட், பீட்ரூட் பிடுங்குகிறாள். எனக்கும் ஒன்று அனுப்பினாள். அதில் கிழங்கு நாள் என்று போட்ட தேதிக்கு நம் நாள்காட்டியில் மேல்நோக்கு நாள் என்று இருக்கிறது. எதை நம்புவது? நானும் கொல்லையில் கோழி எரு போட்டு இரண்டு தடவை கேரட் விதைத்தேன். தழைதான் வந்தது.

ஒரு வாசகி

அன்புள்ள அம்மா,

இரண்டும் முட்டிக்கொள்ளத்தான் செய்யும். மகளின் காலண்டர் அநேகமாக ஜெர்மனியின் மரியா துன் வழியில் வந்தது. முள்ளங்கியை நாள் மாற்றி நாள் மாற்றி விதைத்துப் பார்த்தவர் அவர். நிலா ரிஷபம், கன்னி, மகரத்தில் நிற்கும் நாட்களைக் கிழங்குக்கு ஒதுக்கினார். ரோகிணி இருப்பது ரிஷபத்தில். நம் பஞ்சாங்கத்திலோ அது மேல்நோக்கு. மகம் நமக்குக் கீழ்நோக்கு, கிழங்கு ஊன்றலாம். அவருக்கு அது சிம்மம், பழத்துக்கான நாள். ஒரே நிலாதான். ஒன்று சரியென்றால் மற்றது தப்பு. இரண்டுமே தப்பாகவும் இருக்கலாம்.

கிழங்கைத் தேய்பிறையில்தான் ஊன்ற வேண்டும் என்ற கணக்கு வேறு இருக்கிறது. கடலை இழுக்கிற நிலா மண்ணின் ஈரத்தையும் இழுக்கும் என்பார்கள். கோல சிலாங்கூர் படகுக்காரரைக் கேளுங்கள், அமாவாசை, பௌர்ணமி இரண்டையும் ஒட்டித்தான் தண்ணீர் ஏறும். அப்புறம் தேய்பிறைக்கு மட்டும் என்ன சலுகை?

சரி, கேரட். மகள் குளிர்காலத்தில் பிடுங்குகிறாளே தவிர, விதைத்தது கோடையில் இருக்கும். டிசம்பரில் அங்கே பகல் எட்டு மணி நேரம்கூடக் கிடையாது. செடி வளராமல் மண்ணுக்குள் சும்மா காத்திருக்கும்; குளிரில் மாவுச்சத்து சர்க்கரையாகி இனிக்கும். நமக்கு ராத்திரியிலும் அந்தக் குளிர் கிடையாது. கேரட்டுக்குக் கேமரன் மலை ஏற வேண்டியதுதான். கோழி எரு அதிகமானாலும் தழைதான் மண்டும்.

பேசாமல் மரவள்ளி போடுங்கள். என் பாட்டி தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டுக்குப் பின்னால் போட்டதைச் சொல்கிறேன். முற்றிய தண்டைப் பாராங் கத்தியால் சாண் நீளத்துக்கு நறுக்கி, ஒரு நாள் நிழலில் கிடத்துவார். வெட்டுவாயில் பால் காய்ந்ததும், கணுக்கண் மேலே பார்க்கும்படி சாய்த்து ஊன்றுவார். தலைகீழாக ஊன்றிவிட்டு நான் வாங்கிய குட்டு இன்னும் வலிக்கிறது. கீழ்நோக்கு நாளும் பார்ப்பார். ஆனால் வாரத்தில் ஆறு நாள் விடிவதற்குள் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்து ஆள் கணக்கெடுப்புக்கு, நிற்க வேண்டுமே! நல்ல நாள் ஞாயிற்றுக்கிழமையில் வராவிட்டால், "ஞாயித்துக்கிழமையே நல்ல நாள்தான்டா" என்று மண்வெட்டியை எடுத்துவிடுவார். எட்டு ஒன்பது மாதம் கழித்துத் தோண்டும்போது எது எந்த நாளில் ஊன்றியது என்று அவருக்கே தெரியாது.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் பாத்தியை மேடாக்கிவிடுங்கள். ஒரு வருஷம் தட்டைப் பாத்தியில் தண்ணீர் நின்று, பாட்டி ஊன்றிய ஒரு வரிசை முழுக்க அழுகிப்போனது. நாள் பார்த்து ஊன்றிய வரிசைதான் அது.