வாசகர் கேள்வி – பதில்: நூற்பட்டியலின் கீழே நான்கு வரி

கேள்வி: மதுரையில் எம்.பி.ஏ. இறுதியாண்டு படிக்கிறேன். நூற்பாலைகளில் பெண் தொழிலாளர்கள் ஓராண்டு நிறைவதற்குள் வேலையை விட்டு விலகுவது ஏன் என்பது என் ஆய்வு. நெறியாளர் 20 பதிவுகள் கொண்ட குறிப்புரை நூற்பட்டியல் (ஒவ்வொரு நூல் விவரத்தின் கீழும் அதைப் பற்றிச் சில வரிகள் எழுதும் பட்டியல்) கேட்டார். ஒவ்வொரு கட்டுரையின் ஆய்வுச் சுருக்கத்தையும் நான்கு வரிகளாக்கிக் கொடுத்தேன். “இதில் நீ எங்கே இருக்கிறாய்?” என்று பென்சிலால் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒரு பதிவை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பிழை எங்கே?
— வாசகி, திருநகர்

பதில்: நீங்கள் அனுப்பிய பதிவு மனிதவள ஆய்வாளர் ஹியூசலிட் 1995-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையைப் பற்றியது. அதன் கீழே, “மனிதவள நடைமுறைகள் நிறுவனத்தின் செயல்திறனை உயர்த்துகின்றன என்று இக்கட்டுரை கூறுகிறது. ஆய்வாளர்களுக்கு மிகவும் பயனுள்ளது” என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த இரண்டு வாக்கியங்களையும் வேறு எந்தக் கட்டுரையின் கீழே ஒட்டினாலும் அவை பொருந்திக்கொள்ளும். நெறியாளரின் பென்சில் அதைத்தான் கேட்டிருக்கிறது. ஆய்வுச் சுருக்கம் என்பது கட்டுரையாசிரியர் தம் கட்டுரையைப் பற்றித் தாமே சொல்வது. குறிப்புரையோ, அதைப் படித்த நீங்கள் உங்கள் ஆய்வின் பக்கம் நின்றுகொண்டு சொல்வது.

அந்தக் கட்டுரையையே எடுத்துக்கொள்வோம். நான் எழுதியிருந்தால் ஏறத்தாழ இப்படி எழுதியிருப்பேன்: “அமெரிக்காவில் 100-க்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட 968 பொதுப்பங்கு நிறுவனங்களிலிருந்து அஞ்சல்வழி வினாப்படிவத்தின் மூலம் திரட்டிய தரவு. ஆள்தேர்வு, பயிற்சி, செயல்திறனோடு இணைந்த ஊதியம் முதலிய நடைமுறைகளைத் தனித்தனியாகப் பார்க்காமல் தொகுப்பாக அளக்கிறார். இந்த அளவு ஒரு திட்டவிலக்கம் (தரவு சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கிறது என்பதன் அளவு) உயரும்போது பணிவிலகல் 7.05 விழுக்காடு குறைவாகக் காணப்படுகிறது. ஒவ்வொரு நிறுவனத்துக்காகவும் மனிதவளத் துறையின் மூத்த அலுவலர் ஒருவரே பதில் அளித்திருக்கிறார். விலகிச் சென்றவர்களிடம் எதுவும் கேட்கப்படவில்லை. விலகலை நடைமுறைகளோடு இணைத்துப் பார்க்கும் என் முதல் அத்தியாயத்துக்கு இது அடித்தளமாகும். ஆலை விடுதியில் தங்கி வேலை செய்யும் 19 வயதுப் பெண் ஏன் ஊர் திரும்புகிறாள் என்பதற்கு இதில் விடை இல்லை.” இந்தக் கடைசி வாக்கியம்தான் நீங்கள். அதை எழுத வேண்டுமானால் ஆய்வுச் சுருக்கம் மட்டும் போதாது. மாதிரி, ஆய்வுமுறை ஆகிய பகுதிகளைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும்.

ஆய்வு யாரிடம் நடத்தப்பட்டது என்ற கேள்வியை மனிதவளத் துறையில் எழுதுபவர்கள் மிக எளிதாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பது என் நெடுநாள் குறை. வேலையில் நிறைவு தரும் காரணிகள் வேறு, கசப்பு தரும் காரணிகள் வேறு என்று சொல்லி 1959-இல் வெளிவந்த ஹெர்ஸ்பெர்க்கின் இருகாரணிக் கோட்பாட்டை மேற்கோள் காட்டாத மனிதவள ஆய்வேட்டை நம் ஊரில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவர் பேட்டி கண்டதோ பிட்ஸ்பர்க் நகரத்தைச் சேர்ந்த 203 பொறியாளர்களையும் கணக்கர்களையும். வேலையில் மிக நிறைவாகவும் மிகக் கசப்பாகவும் உணர்ந்த நேரங்களைச் சொல்லச் சொல்லி, அந்த விடைகளிலிருந்து கோட்பாட்டை எடுத்தார். அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் கப்பலூர்த் தொழிற்பேட்டையில் மூன்று ஷிப்ட் பார்க்கும் தொழிலாளியின் மேல் அதை அப்படியே போர்த்துகிறவர், இடையிலுள்ள தூரத்தைத் தம் குறிப்புரையில் ஒரு வரியாவது சொல்லியிருக்க வேண்டும்.

சில நேரங்களில் தூரத்து ஆய்வு நம் ஊருக்கு எதிர்பாராமல் பொருந்திவிடுவதும் உண்டு. மேயர், ஆலன் என்ற ஆய்வாளர்கள் 1991-இல் நிறுவனப் பற்றை மூன்றாகப் பிரித்தார்கள்: விரும்பி இருப்பது, விட்டுப்போனால் வரும் இழப்பை எண்ணி இருப்பது, இருப்பதுதான் முறை என்று இருப்பது. மூன்றாண்டு முடிந்தால்தான் மொத்தத் தொகை கைக்கு வரும் என்ற ஏற்பாட்டில் நூற்பாலைகள் இளம்பெண்களை வேலைக்கு எடுத்த சுமங்கலித் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே ஒரு பெண் தங்கியிருந்தாள் என்பதைக் கொண்டு அவள் ஆலையின் மேல் பற்றுக் கொண்டிருந்தாள் என்று முடிவு கட்ட முடியுமா? இரண்டாம் வகைக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தோன்றவில்லை. இப்படி ஒரு எண்ணம் படிக்கும்போதே வந்தால் உடனே குறிப்புரையில் எழுதி வையுங்கள். பிறகு அதுவே வினாப்படிவத்தில் ஒரு கேள்வியாக மாறும்.

கேள்வி: பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிப்படி நூற்பட்டியல் ஒப்புமைச் சோதனையில் (ஆய்வேடு பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கும் சோதனை) சேராது என்கிறார்கள். அப்படியானால் குறிப்புரையில் ஆய்வுச் சுருக்கத்தை அப்படியே எடுத்துப் போட்டால் என்ன?
— பகுதிநேர ஆய்வாளர், மேலூர்

பதில்: விதியைச் சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள், அதிலிருந்து நீங்கள் எடுத்த பொருள்தான் சரியில்லை. 2018-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை, மேற்கோள் விவரங்களையும் நூற்பட்டியலையும் ஒப்புமைக் கணக்கிலிருந்து விலக்குகிறது. ஆசிரியர் பெயர், ஆண்டு, ஆய்விதழின் பெயர் ஆகியவற்றை யார் எழுதினாலும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்பதால் அந்த விலக்கு. நீங்கள் அதன் கீழே எழுதும் பத்தி அப்படிப்பட்டது அன்று. மேலும் அந்தப் பத்தி அங்கேயே நின்றுவிடுவதில்லை. ஆறு மாதம் கழித்து முன்னாய்வுகள் பற்றிய இரண்டாம் அத்தியாயத்தை எழுத உட்காரும்போது, எது உங்கள் வாக்கியம், எது மூல ஆசிரியரின் வாக்கியம் என்பது உங்களுக்கே மறந்திருக்கும். அள்ளிக்கொண்டு போய் அங்கே கொட்டுவீர்கள். ஒப்புமை 10 விழுக்காட்டைத் தாண்டினால் ஆறு மாதத்துக்குள் திருத்தி மீண்டும் தர வேண்டும். 40-ஐத் தாண்டினால் ஓராண்டு சமர்ப்பிக்கவே முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். மூல வாக்கியம் தேவைப்பட்டால் மேற்கோள் குறியிட்டுப் பக்க எண்ணோடு எழுதுங்கள்.

பக்க எண் என்றதும் என் கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. கணினி இல்லாத நாளில் நான் குறிப்புகளை அட்டைகளில் எழுதி, ஜவுளிக்கடைப் பெட்டி ஒன்றில் அடுக்கி வைத்திருந்தேன். ஓர் அட்டையில் அருமையான வரி ஒன்று இருந்தது. ஆனால் பக்க எண் இல்லை. அந்த ஓர் எண்ணுக்காகப் பல்கலை நகருக்குப் பேருந்து ஏறிப் போனால், நூல் இரவலில் போயிருந்தது. மூன்று முறை அலைந்த பிறகு அந்த வரியையே ஆய்வேட்டிலிருந்து நீக்கிவிட்டேன். இன்றைக்கு சொட்டேரோ போன்ற இலவசச் செயலியில் ஒவ்வொரு பதிவோடும் குறிப்பு எழுதும் வசதி இருக்கிறது. ஆயினும் பக்க எண்ணை நாம்தான் எழுத வேண்டும்.

கேள்வி: ஆலை ஒன்றின் பணியாளர் பிரிவில் வேலை செய்துகொண்டே ஆய்வும் செய்கிறேன். எங்கள் நிர்வாகமும் தொழிற்சங்கமும் செய்துகொண்ட 12(3) ஒப்பந்தங்கள், சுற்றறிக்கைகள், தமிழில் வந்த தொழிற்சங்க வரலாற்று நூல்கள் ஆகியவற்றைப் பட்டியலில் சேர்க்கலாமா, ஆங்கிலக் கட்டுரைகளுக்கு மட்டும்தான் மதிப்பா?
— வாசகர், திருமங்கலம்

பதில்: தாராளமாகச் சேர்க்கலாம், சேர்க்கவும் வேண்டும். ஹார்வி மில் என்று மதுரை இன்றும் அழைக்கும் ஆலையின் தொழிலாளர் வாழ்க்கையை எழுதுகிறவர் வெளிநாட்டு ஆய்விதழ்களை மட்டும் நம்பினால், பாதிக் கதையை விட்டுவிடுவார். ஒப்பந்தமாக இருந்தால் அது எந்த வகை என்பதைக் குறிப்புரையில் எழுதுங்கள். 2025 வரை நடைமுறையில் இருந்த 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தின்படி, சமரச அலுவலர் முன் ஏற்பட்ட 12(3) ஒப்பந்தம் ஆலையின் எல்லாத் தொழிலாளரையும் கட்டுப்படுத்தியது. நேரடியாகப் பேசிப் போட்ட 18(1) ஒப்பந்தம் கையெழுத்திட்ட தரப்பினரை மட்டுமே கட்டுப்படுத்தியது. ஊதியத்தையோ பணிவிலகலையோ ஒப்பிடும்போது இந்த வேறுபாடு முடிவையே மாற்றிவிடும்.

சுற்றறிக்கை வேறு கதை. வேலை பார்க்கும் இடத்தில் கைக்கு எட்டுகிறது என்பதற்காக ஒரு தாள் மேற்கோளுக்கு உரியதாகிவிடாது. நிர்வாகத்திடம் எழுத்து வடிவில் அனுமதி பெறுங்கள். அனுமதி கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். தமிழ் நூல்களைப் பொறுத்தவரை, ஆய்வேடு ஆங்கிலத்தில், ஏ.பி.ஏ. (அமெரிக்க உளவியல் சங்கம்) மேற்கோள் முறையில் இருந்தால், தலைப்பை ரோமன் எழுத்தில் ஒலிபெயர்த்து, அதன் பொருளை ஆங்கிலத்தில் சதுர அடைப்புக்குறிக்குள் தர வேண்டும்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு 15 கட்டுரைகளைக் குறிப்புரையோடு வாங்கிவிட்டேன். நேரடியாகப் பயன்படுத்தலாமா?
— மாணவர், அனுப்பானடி

பதில்: முதலில் அந்தக் கட்டுரைகள் உலகில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஆசிரியரும் ஆய்விதழும் உண்மையாக இருந்து, கட்டுரை மட்டும் இல்லாத பதிவுகளை இந்தச் செயலிகள் கூச்சமின்றித் தருகின்றன. ஒவ்வொன்றின் டி.ஓ.ஐ. எண்ணையும் (கட்டுரைக்குரிய நிலையான இணைய அடையாள எண்) இணையத்தில் இட்டுத் திறந்து பாருங்கள். இந்திய ஆய்வேடுகளுக்கு சோத்கங்கா தளம் இருக்கிறது; முழு ஆய்வேட்டையே இலவசமாகப் படிக்கலாம். அமர்ந்து படிக்க இடம் தேவையென்றால், புதுநத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. தேறிய கட்டுரைகளைப் படித்துவிட்டுக் குறிப்புரையை நீங்களே எழுதுங்கள். 15-இல் ஆறுதான் தேறியது என்றால், நெறியாளரிடம் ஆறு பதிவுகளோடு போய் நில்லுங்கள்.