ஆஃபர் வந்துவிட்டது, ஊர் சுற்றவும் ஆசை: கேள்வி பதில்

படிப்பு முடித்த பிள்ளைகள் அனுப்பிய கேள்விகளில் பாதி ஒரே மாதிரிதான். வேலை கிடைத்துவிட்டது, ஆனால் போய் உட்காருவதற்கு முன் கொஞ்சம் உலகம் பார்க்க வேண்டும். கோலாலம்பூரில் கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுப்பது என் தொழில். அதனால் மேசைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று சொல்ல முடியும்.

அக்கா, பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு சிப் கம்பெனியில் இன்ஜினியர் வேலை. அடுத்த மாதம் சேரச் சொல்கிறார்கள். நான் தாய்லாந்து எல்லையில் இருக்கும் பாடாங் பெசாரில் ரயில் ஏறி தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம் என்று நாலு மாதம் போகத் திட்டம் போட்டிருந்தேன். எதை விடுவது? (பட்டர்வொர்த், 23)

தம்பி, கம்பெனியிடம் தேதியை மாற்றிக் கேட்டீர்களா? நீங்கள் எழுதியதில் அந்தப் பேச்சே இல்லை. சேரும் தேதி பெரும்பாலும் எச்ஆரில் ஒருவர் காலண்டரைப் பார்த்துப் போட்டதுதான். புதுப் பட்டதாரிகளை மொத்தமாக எடுக்கும் பயிற்சித் திட்டம் என்றால், அடுத்த பேட்ச் எப்போது என்று கேளுங்கள். பெயரை அதற்கு மாற்றுவது அவர்களுக்குப் பெரிய வேலை இல்லை. யாரோ விட்டுப்போன இடத்துக்கு உங்களை எடுத்திருந்தால் கதை வேறு. அந்த இடம் காலியாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் சூப்பர்வைசர் எச்ஆரை நச்சரித்துக்கொண்டே இருப்பார். அங்கே நாலு மாதம் கேட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்; ஐந்தாறு வாரம் கேட்டுப் பார்க்கலாம்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்பே மெயிலில், ஒரே ஒரு தேதியைச் சொல்லிக் கேளுங்கள். ‘கொஞ்சம் தள்ளிப்போட முடியுமா’ என்று கேட்டால் முடியாது என்று பதில் போடுவது சுலபம். ‘வேலையில் சேர முழுச் சம்மதம், இந்தத் தேதியில் சேரலாமா’ என்றால் அதை அப்படியே மேலாளருக்கு அனுப்பிவிடுவார்கள். காரணம் கேட்டால் பயணம் என்றே சொல்லுங்கள். பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று எழுதிவிட்டு ஹனோயிலிருந்து இன்ஸ்டாகிராமில் படம் போட்டவர்களும் உண்டு!

ஆறு வாரம்தான் கிடைத்தது என்றால் வியட்நாமை விட்டுவிடுங்கள். பாடாங் பெசாரிலிருந்து பேங்காக்குக்கு இரவு ரயில், 2024 முதல் பேங்காக்கிலிருந்து லாவோஸ் தலைநகர் வியஞ்சானுக்கு நேரடி ரயில், அங்கிருந்து லுவாங் பிரபாங் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. அவசரமில்லாமல் பார்த்துவிட்டு வரலாம்.

பிடிபிடிஎன் (அரசாங்க உயர்கல்விக் கடன்) கடன் பாக்கி இருக்கிறது. ஒரு வருடம் சுற்றினால் சிக்கலா? (செந்தூல்)

படிப்பு முடிந்து 12 மாதம் கழித்துத்தான் கட்டத் தொடங்க வேண்டும். உங்கள் ஒரு வருடம் சரியாக அங்கே போய் முட்டுகிறது. திரும்பி வரும்போது கையில் காசு இருக்காது, தவணை ஆரம்பிக்கும், வேலை தேட இரண்டு மூன்று மாதமாவது ஆகும். எட்டு மாதத்தில் வந்துவிடுங்கள். முடியாதென்றால், கிளம்புவதற்கு முன்பே சில மாதத் தவணையை எடுத்துத் தனியாக வையுங்கள். கடன் கட்டாதவர்களுக்கு இருந்த வெளிநாட்டுப் பயணத் தடையை 2018இல் நீக்கினார்கள். ஆனால் தடையை மறுபடி கொண்டுவரும் பேச்சு திரும்பத் திரும்பக் கிளம்புகிறது, தடை இல்லை என்று நம்பிக் கட்டாமல் இருக்க வேண்டாம்.

ஆஸ்திரேலியாவில் வேலை செய்துகொண்டே சுற்றலாமாமே, இப்போதே போய்விடவா? எனக்கு 22. (கிள்ளான்)

462 விசாவைச் சொல்கிறீர்கள், வேலை செய்துகொண்டே ஊர் சுற்ற இளைஞர்களுக்குக் கொடுப்பது. 18 முதல் 30 வயது வரை மலேசியர்கள் விண்ணப்பிக்கலாம். குறைந்தது இரண்டு வருட பட்டப்படிப்பு, ஓரளவு ஆங்கிலம், சுமார் 5,000 ஆஸ்திரேலிய டாலர் கையிருப்பு வேண்டும். பொதுவாக ஒரே முதலாளியிடம் ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்ய முடியாது. நியூசிலாந்திலும் இதே மாதிரி ஒன்று உண்டு, ஆறு மாதத்துக்கு.

வயதைப் பாருங்கள்: இன்னும் எட்டு வருடம் இருக்கிறது. கையில் இருக்கும் வேலைக் கடிதம் எட்டு வாரம்கூடக் காத்திருக்காது. என்னைக் கேட்டால் வேலையில் சேர்ந்து இரண்டு வருடம் சேமித்துவிட்டுப் போகலாம். அனுபவத்தோடு போனால் திரும்பி வந்து வேலை தேடுவதும் எளிது. இரண்டு வருடம் முடிவதற்குள் கிளம்பினாலும், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை சட்டப்படி 4 வார நோட்டீஸ் கொடுத்தால் போதும்.

இபிஎப் (ஊழியர் சேமநிதி) பணத்தை எடுத்து ஊர் சுற்றலாமா? (பிரிக்ஃபீல்ட்ஸ்)

2024 மே முதல் சேமநிதியில் மூன்று கணக்குகள். அதில் ஃபிளெக்ஸிபெல் கணக்கில் இருப்பதை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். சம்பளம் 3,000 வெள்ளி (ரிங்கிட்) என்றால் உங்கள் 11 விழுக்காடும் முதலாளியின் 13 விழுக்காடும் சேர்ந்து மாதம் 720. அதில் பத்தில் ஒரு பங்கு, 72 வெள்ளிதான் அந்தக் கணக்குக்குப் போகும். வருடத்துக்கு 864. எல்லைக்கு அந்தப் பக்கம் தாய்லாந்தின் ஹாட்யாய் வரை போய் வரலாம், அவ்வளவுதான்.

அப்பா லோரி ஓட்டுகிறார், முதுகு வலி. தம்பி அடுத்த வருடம் காலேஜ். எனக்கு வங்கியில் வேலை கிடைத்திருக்கிறது. ஆனால் ஆறு மாதம் இந்தியா முழுக்கச் சுற்ற வேண்டும் என்று பள்ளிக்கூட நாளிலிருந்து ஆசை. சுயநலமா? (சுங்கை பட்டாணி, பெண்)

ஆசைப்படுவதில் என்ன சுயநலம், தங்கச்சி. ஆனால் இந்த முறை வேலையில் சேருங்கள் என்றுதான் சொல்வேன். அப்பா ஓட்டுவதைக் குறைக்க வேண்டுமென்றால் வீட்டுக்கு இன்னொரு சம்பளம் வேண்டும். ஒன்று மட்டும் செய்யுங்கள்: வீட்டுக்கு மாதம் எவ்வளவு, எத்தனை வருடத்துக்கு என்று முதல் சம்பளத்துக்கு முன்பே அப்பா அம்மாவோடு உட்கார்ந்து பேசுங்கள். தம்பி படிப்பு முடியும் வரை என்றால் அப்படியே சொல்லிவிடுங்கள். அதைப் பேசாமல் சம்பளத்தை முழுசாகக் கொடுத்துவிட்டு, முப்பது வயதில் வீட்டார் மேல் கசந்துபோன பிள்ளைகளை நேர்காணலில் பார்க்கிறேன். உங்களுக்கென்று ஒரு தொகை தனியாக ஒதுங்கட்டும். இந்தியாவையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. முதலில் தமிழ்நாடு மட்டும், இரண்டு வாரம் போதும். நமக்கு இ-விசா வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள்.

முதல் வருடம் எத்தனை நாள் லீவு கிடைக்கும்? (பினாங்கு)

சட்டப்படி குறைந்தது 8 நாள், இரண்டு வருடம் முடிந்தால் 12. நிறைய கம்பெனிகள் கூடுதலாகவே கொடுக்கின்றன, கடிதத்தில் பாருங்கள். பினாங்கில் தைப்பூசமும் பொது விடுமுறை. வியாழன் அல்லது செவ்வாயில் விழும் வருடத்தில் ஒரு நாள் லீவு போட்டால் நாலு நாள் சேரும். டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், அதே கணக்கைப் போடுகிறவர்கள் நிறையப் பேர்.